தேஸா கிராமத்துக் குடியானவர் ரொமான் ராமிரெஸ்

ஸ்பெயின் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன கொர்தோவாவின் பள்ளிவாசலும் கிரனாடாவின் அல்ஹம்ராவும்தாம். மேடைகளில் நாம் பேசுவதும் அந்நாட்டு மன்னர்களையும் மாமேதைகளையும் பற்றியே. அந்த ஆட்சி மறைந்த பின்னர், வயலும் வீடும் மனைவி மக்களுமாக அம்மண்ணிலேயே தங்கிவிட்ட எளிய குடியானவர்கள் என்னவானார்கள் என்று கேட்போர் குறைவு. அவர்களுள் ஒருவருடைய வாழ்வை நாம் ஓரளவு விரிவாகவே அறிய முடிகிறது. அவரைத் தண்டித்தவர்கள் எழுதி வைத்த விசாரணை ஏடுகள், குயென்கா நகரின் ஆவணக் காப்பகத்தில் அழியாமல் இருப்பதே அதற்குக் காரணம்.

அவர் பெயர் ரொமான் ராமிரெஸ். பெயரைக் கேட்டு, இவர் நம்மவரல்லர் என்று எண்ணிவிட வேண்டாம். கிரனாடா 1492இல் வீழ்ந்தது. பத்தாண்டுகள் கழித்து 1502இல், ஞானஸ்நானம் பெறுங்கள் அல்லது நாட்டை விட்டு வெளியேறுங்கள் என்று காஸ்டில் அரசு முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டது. ஊரை விட்டுப் போக வழியற்றோர் பெயரை மாற்றிக்கொண்டனர். மொரிஸ்கோக்கள் என அழைக்கப்பட்ட அந்த மக்களின் வழித்தோன்றலே ராமிரெஸ். காஸ்டிலும் அரகோனும் சந்திக்கும் எல்லைப்புறத்தில், சொரியாப் பகுதியிலுள்ள தேஸா அவருடைய ஊர். நிலத்தில் பாடுபட்டார், குடும்ப வழியில் வந்த மூலிகை அறிவைக் கொண்டு நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார்.

1570களின் தொடக்கத்தில், இன்குவிசிஷன் எனும் மத விசாரணை மன்றத்தார் தேஸா மொரிஸ்கோக்களுக்குப் பொதுமன்னிப்பு ஒன்றை அறிவித்தனர். இரகசியமாக இஸ்லாமிய வழக்கங்களைப் பேணியதை ஒப்புக்கொண்டால் தண்டனை இலகுவாகும் என்பது அதன் சாரம். ஊராருடன் ராமிரெஸும் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு என்று பெயரே தவிர, உண்மையில் அது கழுத்தில் மாட்டிய சுருக்கு. ஒருமுறை ஒப்புக்கொண்டவர் மீண்டும் பிடிபட்டால், அவருக்குரிய தண்டனை நெருப்பு.

அவரை ஊரறியச் செய்தது அவருடைய நாவன்மை. அக்காலத்தில் ஸ்பானிய மக்கள் வீரதீரக் கதைகளில் மயங்கிக் கிடந்தனர். அமாதிஸ் முதலிய மாவீரர்களின் பெருங்கதைகளை ராமிரெஸ், அச்சிட்ட நூலைப் படிப்பது போன்றே மணிக்கணக்கில் ஒப்புவிப்பார். கையில் இருப்பதோ வெற்றுத் தாள்! சீமான்களும் அதிகாரிகளும் அவரை அழைத்துக் கதை சொல்லச் செய்து மகிழ்ந்தனர்.

அதுவே அவருக்கு வினையாயிற்று. 1595இல் அவர் கைது செய்யப்பட்டார். இரகசிய முஸ்லிம் என்ற பழைய குற்றச்சாட்டோடு, சைத்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர் என்ற புதிய குற்றச்சாட்டும் சேர்ந்தது. அவருடைய மருத்துவத்தையும் அதற்குச் சான்றாக்கினர். ஒரு குடியானவனின் தலைக்குள் இத்தனை நூல்கள் எவ்வாறு தங்கும், இது சைத்தான் கொடுத்ததே என்பது அவர்கள் வாதம்.

மீசை அரும்புமுன்னரே முப்பது ஜுஸ்உகளையும் நெஞ்சில் ஏந்தும் ஹாஃபிழ் பிள்ளைகளைக் கண்டு பழகிய நமக்கு இவ்வாதம் விந்தையாகத் தோன்றும். ஆயினும் ராமிரெஸ் செய்தது ஹிஃப்ழ் அன்று. எழுத்துக்கு எழுத்து மனனம் செய்ததாக அவர் கூறவுமில்லை. தம் தந்தை படிக்கக் கேட்டு இக்கதைகளில் பழகியதாகவும், நகரங்கள், அரசுகள், வீரர்களின் பெயர்களையும் நிகழ்ச்சிகளின் சாரத்தையும் மட்டுமே நினைவில் நிறுத்தி, சபைக்கேற்ப நீட்டியும் சுருக்கியும் சொன்னதாகவும் அவர் விளக்கினார். நம் ஊர்களில் இரவெல்லாம் கிஸ்ஸா பாடிய பெரியவர்களுக்கு இந்த உத்தி உடனே விளங்கியிருக்கும். விசாரித்தவர்களுக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள அவர்கள் விரும்பினார்களா என்பதே எனது ஐயம்.

ராமிரெஸை மார்க்க மேதையென்று நான் காட்ட முற்படவில்லை. சீமான்களின் சபைகளை நாடி நின்றவர் அவர். சொன்ன கதைகளும் கிறிஸ்தவ வீரர்களின் கதைகளே. அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தீர்ப்பு நிறைவேறு முன்னரே, 1599இல், காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். அம்மன்றத்தின் சட்டத்தில் மரணம் வழக்கை முடித்துவிடாது. 1600இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து நெருப்பிலிட்டனர். இவ்வாறு தண்டிக்கப்பட்டோரின் சொத்துகள் பறிமுதலாகும். பிள்ளைகளும் பேரர்களும் பதவி வகிக்கலாகாது, பட்டாடை உடுத்தலாகாது, குதிரை ஏறலாகாது. பெயர் பொறித்த அவமானத் துணியை ஊர் மாதா கோயிலில் தலைமுறைகள் காணத் தொங்கவிடுவர். தகப்பன் மீது விழுந்த அடி, குடும்பத்தின் முதுகிலும் இறங்கியது.

பின்னர் அலார்கோன் என்ற புகழ்பெற்ற நாடகாசிரியர், ரொமான் ராமிரெஸ் என்ற அதே பெயருடன், சைத்தானுக்கு அடிமையான சூனியக்காரராக அவரை ஒரு நாடகத்தின் பாத்திரமாக்கினார்.

1609இல் மொரிஸ்கோக்கள் அனைவரையும் வெளியேற்றும் ஆணைகள் பிறக்கத் தொடங்கின. 1614க்குள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்று நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும், தேஸாவின் மொரிஸ்கோக்களும் அவர்களுள் ஒருவராய் வீடு வாசல், தோட்டம் துரவு அனைத்தையும் விட்டுப் புறப்பட்டனர்.