பட்டமே தராத புதுச்சேரி பள்ளி: குழந்தைகளிடம் திறந்த மனதை வளர்ப்பது எப்படி?

"சும்மா கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காத!" என்பது பல வீடுகளிலும் வகுப்பறைகளிலும் குழந்தைகள் தினமும் கேட்கும் வார்த்தை. தொடக்கப்பள்ளி வயதில் கேள்வி அடங்கிப்போனால், தனக்கு மாறான கருத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும் வளராமல் போகலாம். இதற்கு மாற்று வழியைப் புதுச்சேரியில் ஒரு பள்ளி 80 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வருகிறது.

எந்தப் பள்ளி?

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் சர்வதேசக் கல்வி மையம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆசிரமத்தில் தஞ்சமடைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, 1943 டிசம்பர் 2-ம் தேதி சுமார் 20 குழந்தைகளுடன் தொடங்கியது. தொடங்கியவர், பாரிஸில் பிறந்த 'ஸ்ரீ அன்னை' மிரா அல்பாசா.

என்ன வித்தியாசம்?

* படிப்பை முடித்தாலும் பட்டமோ டிப்ளமோவோ கிடையாது. கற்பது சான்றிதழுக்காக அல்ல என்பதே கொள்கை.
* குழந்தை தன் வேகத்தில், தன் ஆர்வத்தின் வழியே முன்னேறலாம். இதற்குப் பெயர் 'சுதந்திர முன்னேற்றம்'.
* கணிதமும் அறிவியலும் பிரெஞ்சில், பல பாடங்கள் ஆங்கிலத்தில். கூடவே இந்திய மொழிகளும் உண்டு. ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொல்லலாம் என்பது சின்ன வயதிலேயே பிடிபடுகிறது.

அடிப்படை என்ன?

1910-ல் 'கர்மயோகின்' இதழில் அரவிந்தர் எழுதிய கல்விக் கட்டுரைகள். ஆசிரியர் திணிப்பவர் அல்ல, வழிகாட்டி. குழந்தையின் மனதைக் கலந்தே கற்பிக்க வேண்டும். அருகில் இருப்பதிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும் என்பவை அதன் சாரம்.

'அருகில் இருப்பது' என்றால் புதுச்சேரி குழந்தைக்குப் பஞ்சமே இல்லை. மணக்குள விநாயகர் கோயில், தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா, குத்பா பள்ளிவாசல், தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய தெருப் பலகைகள் என ஊரே பாடம்தான்.

சாதாரண பள்ளியில் முடியுமா?

சிலபஸும் பரீட்சையும் உள்ள இடத்தில் முழுசா முடியாது. சான்றிதழ் இல்லாத படிப்பும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவராது. ஆனால் சில பழக்கங்களுக்குச் செலவே இல்லை:

* "தப்பு" என்று சொல்லும் முன், "எப்படி இந்தப் பதில் வந்துச்சு?" என்று கேளுங்கள்.
* தெரியாத கேள்விக்கு, "எனக்கும் தெரியல, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லுங்கள்.
* காக்கா வடை கதையை நரி சொன்னால் எப்படி இருக்கும், வடை சுட்ட பாட்டி சொன்னால் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள்.
* பக்கத்து வீட்டுச் சாப்பாட்டையோ பண்டிகையையோ பெரியவர்கள் கேலி செய்ய வேண்டாம். குழந்தை முதலில் படிப்பது அதைத்தான்.

எதை நம்புவது?

திறந்த மனம் என்றால் எல்லாவற்றையும் நம்புவது இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தால், "இது உண்மைன்னு எப்படித் தெரியும்?" என்று குழந்தையே கேட்க வேண்டும். சரியான ஆதாரம் கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். அப்படி மாற்றிக்கொள்ளும் குழந்தையைக் கிண்டல் செய்யாமல் பாராட்டுங்கள்.