பேராதனைத் தமிழ் வகுப்பறையும் ஓர் அளவுகோலும்

ஒரு பல்கலைக்கழகத்திலே கற்பித்தல் பயன் தருகின்றதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சித்தியெய்தியோர் தொகையைக் காட்டுவர் ஒரு சாரார். பாடநெறியின் முடிவில் மாணவர் நிரப்பிக் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவங்களைக் காட்டுவர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் பயன் உண்டு. ஆயினும், ஈழத்து இலக்கிய வரலாறு இவ்வினாவுக்கு வேறொரு விடையையும் வைத்திருக்கின்றது. அதனைத் தேடிப் பேராதனை வரை சென்று வருவோம், நேயர்களே.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தோற்றம் பெற்றது. அடுத்த ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் அவர் மறைந்தபின் க. கணபதிப்பிள்ளை அப்பதவியை ஏற்றார். 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகிய மூவரும் அங்கு கற்பித்த காலத்தையே இங்கு நோக்குகின்றோம்.

மூவரும் ஒரே வகையான ஆசிரியர்கள் அல்லர். கணபதிப்பிள்ளை லண்டனிலே கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அத்தகையவர் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். மாணவர்கள் அவற்றை மேடையேற்றினர். வீட்டிலே பேசும் மொழி இழிந்ததன்று, அதுவும் ஆராயத்தக்கது, அரங்கேறத்தக்கது என்ற பாடத்தை அவர்கள் மேடையிலே கற்றனர்.

செல்வநாயகம் 1951 இல் 'தமிழ் இலக்கிய வரலாறு' என்ற நூலை வெளியிட்டார். சங்க காலம் முதல் ஐரோப்பியர் காலம் வரை, அந்தந்தக் காலத்து அரசியல், சமூக நிலைகளோடு இலக்கியத்தை இணைத்துக் காட்டிய நூல் அது. புலவர் பெயர்களையும் நூற்பெயர்களையும் மனனஞ் செய்வதே இலக்கிய வரலாறு என்றிருந்த மாணவனுக்கு, 'இது ஏன் இக்காலத்தில் எழுந்தது?' என்று கேட்கும் பழக்கத்தை அது தந்தது.

வித்தியானந்தனோ மாணவரைக் கூத்துக் களரிக்கு இட்டுச் சென்றார். 1956 இல் சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள நாடக உலகை வியக்க வைத்திருந்தது. நமது கூத்துக்களிலும் அத்தகைய வளம் உண்டென்று கண்ட வித்தியானந்தன், 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவியார் பட்டம் பெறப்போகும் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். அறிவு ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, விளைச்சலைப் பார்ப்போம். ஐம்பதுகளில் அங்கு பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பின்னர் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தனர். முன்னவர் தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டார். பின்னவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் நிலையை ஆராய்ந்தார். மார்க்சிய நோக்கிலே அவர்கள் எழுப்பிய வினாக்கள் ஆசிரியர்கள் நின்ற எல்லையைக் கடந்தவை. 'இராவணேசனில்' இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகி, அடுத்த தலைமுறைக்குக் கூத்துப் பழக்கினார்.

ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் மாணவரை எவரும் உருவாக்கலாம். ஆசிரியர் கேட்காததைக் கேட்கும் மாணவரை உருவாக்குவதே உயர்ந்த கற்பித்தல் என்பது இவ்வரலாற்றின் விடை.

ஆயின் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்று பல்கலைக்கழகம் புகுந்தோர் மிகச் சிலர், வடிகட்டித் தெரிந்தெடுக்கப்பட்டோர். நல்ல விதையின் பெருமை முழுவதையும் உழவனுக்கே கொடுத்துவிட முடியாது. மேலும், வரலாறு வென்றோரையே நினைவில் வைத்திருக்கின்றது. அதே வகுப்பின் பின்வரிசையில் இருந்து, ஒன்றும் பற்றாமல் எழுந்து சென்றவர்களின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. ஓர் ஆசிரியரை முழுமையாக அளப்பதாயின் அவர்களையும் எண்ண வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. விளைச்சலைக் காண இருபது ஆண்டுகள் காத்திருந்தால், இன்று வகுப்பிலிருப்பவனுக்கு என்ன பயன்? எனவே உடனடியாகப் பார்க்கத்தக்க சோதனையொன்று தேவை. முன்பின் பாராத செய்யுள் ஒன்றை மாணவன் கையில் கொடுத்து, உரையும் குறிப்பும் இன்றி அவன் என்ன செய்கின்றான் என்று பார்ப்பதே அது.

இச்சோதனையை உயர்தர வகுப்பொன்றில் நானே செய்து பார்த்தேன். பரீட்சையில் நல்ல பெறுபேறு பெறும் வகுப்புத்தான். செய்யுளைக் கரும்பலகையில் எழுதியதும் எல்லோரும் பேனாவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். நான் பொருள் சொல்வேன், எழுதிக்கொள்ளலாம் என்பது அவர்களின் எண்ணம். நீங்களே சொல்லுங்கள் என்றேன். நெடுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அவர்களுக்குரிய புள்ளியன்று; எனக்குரிய புள்ளி.

இந்தப் பிள்ளைகளே நாளை பல்கலைக்கழகம் செல்வார்கள். அங்கும் குறிப்புச் சொல்லும் விரிவுரையாளரையே நல்லவர் என்று படிவத்தில் எழுதுவார்கள். அவர்களை அவ்வாறு பழக்கியவர்கள் நாங்கள் அல்லவா? பேராதனையின் பொற்காலத்தைப் போற்றுவது எளிது. அடுத்த பாடவேளையில் குறிப்புக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, அந்த மௌனம் கலையும் வரை பொறுத்திருப்பதுதான் கடினம்.