இருபத்தைந்து எங்கிருந்து வந்தது?

இருபடிச் சமன்பாடு என்றதும், "பாதியாக்கு, வர்க்கப்படுத்து, இருபுறமும் கூட்டு" என்று பள்ளியில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வரும். ஏன் கூட்டுகிறோம் என்று கேட்டால்தான் விழிப்போம். இதற்கான காரணத்தை ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாத் நகரில் ஒருவர் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்.

அவர் பெயர் அல் குவாரிஸ்மி. கலீபா அல் மஃமூன் ஆட்சிக் காலத்தில் (813–833) வாழ்ந்தவர். வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிக்கவும், வணிகம் செய்யவும், நிலம் அளக்கவும், கால்வாய் வெட்டவும் உதவட்டும் என்றே தம் நூலை எழுதினார். அதன் தலைப்பிலுள்ள 'அல் ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லே பிற்காலத்தில் 'அல்ஜிப்ரா' ஆயிற்று. குறைந்ததை நிரப்பிச் சீர்செய்வது என்று அதற்குப் பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் இதே சொல்தான்!

அந்நூலில் எக்ஸ் இல்லை; கூட்டல் குறியும் இல்லை. எல்லாம் சொற்களே. அதிலுள்ள கணக்கு ஒன்று: ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தைப் போல் பத்து மடங்கைக் கூட்டினால் 39. பக்கம் எவ்வளவு?

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு சதுரம். பத்தைச் சரிபாதியாக்கி, 5 அகலமுள்ள செவ்வகம் ஒன்றை அதன் வலப்புறத்திலும் மற்றொன்றைக் கீழேயும் ஒட்டி வரைவோம். மூன்றின் மொத்தப் பரப்பு 39. உருவம் இப்போது ஒரு பெரிய சதுரம் போலவே இருக்கிறது. ஒரு மூலைதான் காலி. அந்த மூலையின் நீளம் 5, அகலமும் 5. நாம் காரணம் அறியாமல் கூட்டிவந்த 25 இதுதான்! மூலையை நிரப்பினால் மொத்தம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 போக மிஞ்சுவது 3. சரிபார்த்தால், 9-உம் 30-உம் 39.

கழித்தல் 13 என்ற மற்றொரு விடையை இன்றைய மாணவர் சொல்லிவிடுவார். அல் குவாரிஸ்மி சொல்லவில்லை. நிலம் அளந்தவர்களுக்குச் சுழியத்திற்குக் கீழே ஒரு நீளம் எதற்கு?

1145-இல் செஸ்டர் நகர் ராபர்ட் என்பவர் ஸ்பெயினில் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பாவில் குறியீடுகள் பெருகிய பின், பள்ளிப் பாடத்தில் சூத்திரம் முன்னே வந்தது, படம் பின்னே போயிற்று. நம் பிள்ளைகளுக்கு நாம் முதலில் படத்தையே காட்டலாம்.

நேயர்களுக்கு ஒரு கணக்கு: சதுரத்தோடு பக்கத்தின் ஆறு மடங்கைக் கூட்டினால் 55. பக்கம் என்ன? சூத்திரம் வேண்டாம், வரைந்து பாருங்கள்.