பரண்மேல் கிடக்கும் பழைய மானிட்டரில் விமான காக்பிட்: எது உதவும், எதைத் தொடவே கூடாது?

சென்னை - அரக்கோணம் மின்சார ரயிலில் போகிறவர்கள் திருவாலங்காடு பக்கம் வரும்போது, வானத்தில் சாம்பல் நிற விமானம் ஒன்று வட்டமடிப்பதைச் சில நாள் பார்த்திருக்கலாம். அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2013 முதல் இருக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் அது. பயணிகள் விமானமான போயிங் 737-800தான் இதற்கு அடிப்படை.

அதே 737-ஐ வீட்டு அறையில் 'ஓட்டுகிறவர்கள்' உலகம் முழுக்க இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர், முன்னால் ப்ளைவுட்டில் செய்த காக்பிட், அதற்குள் வரிசையாகத் திரைகள். அந்தத் திரைகளுக்குப் புதுசு வாங்கத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். ஆபீஸில் கழித்துப்போட்ட, காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கும் மானிட்டரே போதும். ஆனால் எல்லா மானிட்டரும் அல்ல.

பழசு ஏன் பொருந்துகிறது?

737-800 காக்பிட்டில் 6 திரைகள் உள்ளன. ஏர்பஸ் ஏ320-லும் 6 தான். எல்லாமே கிட்டத்தட்ட சதுர வடிவம். 1988-இல் ஏ320 சேவைக்கு வந்தபோது அதில் இருந்தவை பழைய டிவி போன்ற பிக்சர் டியூப் திரைகள். எல்சிடி பிறகுதான் வந்தது.

இன்று கடையில் கிடைக்கும் மானிட்டர்கள் அகலமானவை, சினிமா பார்க்கத் தோதானவை. 2000-களில் ஆபீஸ்களில் இருந்த 17 இன்ச், 19 இன்ச் எல்சிடி திரைகளோ 5:4 வடிவம், அதாவது ஏறக்குறைய சதுரம். 19 இன்ச் திரையின் அகலம் சுமார் 37 செ.மீ. விமானி முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு திரைகளும் நிஜ அளவுக்குக் கொஞ்சம் குறைவாக அதில் அடங்கிவிடும். பழசு என்று ஒதுக்கிய அந்த வடிவமே இங்கே பிளஸ் பாயின்ட்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானத்துக்கும் ரன்வேக்கும் மட்டும் இது வேலைக்கு ஆகாது. அதற்கு நல்ல அகலமான திரை ஒன்றை வைத்துக்கொண்டு, பழசைக் கருவிப் பலகைக்கு ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

கேபிளில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்

பழைய மானிட்டரின் பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் மட்டுமே இருக்கும். புதிய கம்ப்யூட்டரில் அது இருக்காது. 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' என்று வெறும் கேபிளை வாங்கி மாட்டினால் படம் வராது. எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் சிக்னலை மாற்றும் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேணும். கடையில் கேட்கும்போது இதைச் சொல்லியே கேளுங்கள். மானிட்டரில் டிவிஐ போர்ட் இருந்தால் அதிர்ஷ்டம், அதற்குச் சாதாரண எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளே போதும்.

எத்தனை திரை மாட்டலாம் என்பது கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. பல கார்டுகள் 4 திரை வரை தாங்கும். அதற்கு மேல் வேணும்னா யுஎஸ்பி டிஸ்ப்ளே அடாப்டர் உண்டு. முள் நகரும் மீட்டர்களுக்கு ஓகே, வெளிக்காட்சிக்கு வேண்டாம்.

திரைகளை மாட்டியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'எக்ஸ்டெண்ட்' கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் வலதுபக்க ஆல்ட் கீயை அழுத்தியபடி காக்பிட் திரை ஒன்றை கிளிக் செய்தால் அது தனி விண்டோவாகப் பிரிந்து வரும். அதை இழுத்துப் பழைய மானிட்டரில் விட வேண்டியதுதான். இப்படிப் பிரிக்கப் பிரிக்க கேம் கொஞ்சம் திணறும்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். இதில் இன்னொரு வசதி, நகரும் வரைபடத்தை பிரவுசரிலேயே காட்டும். வீட்டு வைஃபையில் இருக்கும் பழைய லேப்டாப் ஒன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். சென்னை விமான நிலையத்தில் இருந்து புறப்பட விஓஎம்எம் என்ற குறியீட்டை ஆங்கிலத்தில் கொடுத்தால் போதும்.

பலகையை எப்படி வைப்பது?

ப்ளைவுட்டில் திரை அளவுக்குச் சதுரத் துளை வெட்டி, பின்னால் மானிட்டரைப் பொருத்துவார்கள். மலிவான பழைய எல்சிடிகளை மேலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் கறுக்கும். காக்பிட்டில் நாம் பார்ப்பது மேலிருந்துதான். அதனால் திரையை லேசாகப் பின்பக்கம் சாய்த்து, முகத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். பின்னால் காற்று போக இடம் விடுங்கள். பெட்டி மாதிரி அடைத்துவிட்டால் நம்ம ஊர் வெயிலில் சூடு தாங்காது.

19 இன்ச் பழைய திரை மூன்று ஓடினால் 100 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். 10 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் கணக்கு தனி.

எதைத் திறக்கக் கூடாது?

பின்பக்கம் பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும் பிக்சர் டியூப் மானிட்டரைக் கழற்றவே கழற்றாதீர்கள். 'நிஜ ஏ320-லேயே இதுதானே இருந்தது' என்று ஆசைப்பட வேண்டாம். ஓடும்போது உள்ளே 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே வெற்றிடம் என்பதால் உடைந்தால் கண்ணாடி சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் உண்டு.

பழைய எல்சிடியிலும் கவனம் வேண்டும். எல்இடி வருவதற்கு முந்தைய திரைகளுக்கு வெளிச்சம் கொடுப்பது மெல்லிய குழல் விளக்கு. அதற்குள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. முன்பக்க பிளாஸ்டிக் சட்டத்தை மட்டும் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவர் போர்டு இருக்கும் தகரப் பெட்டியை, அதுவும் பள்ளிப் பிள்ளைகள், திறக்கக் கூடாது.

பைலட் லைசென்ஸுக்கு உதவுமா?

கணக்கில் வராது. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு சிமுலேட்டரில் எத்தனை ராத்திரி ஓட்டினாலும் அதில் ஒரு நிமிடம்கூடச் சேராது. டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவிகள் வேறு. ஆனால் எந்த மீட்டர் எங்கே இருக்கிறது, இறங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகிவிடும். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இது ஒரு வழி.

திரை செத்துப்போனால்?

குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் இருப்பவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ள பட்டியலைப் பார்த்து, அருகில் இருக்கும் நிறுவனத்துக்கு போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.