ஆண்டு எழுதிய படம், சாதி எழுதிய படம்

'ஜூர்னால் தே தாம் எ தே மோத்' என்று பாரீசில் 1797 முதல் 1839 வரை ஒரு பெண்கள் பத்திரிகை வந்தது. அதன் வண்ண உடைப் படங்களின் தலைப்பில் 'பாரீஸ் உடை' என்பதோடு ஆண்டும் அச்சாகியிருக்கும். ஆண்டு போட்டாலே அடுத்த வருஷம் இது பழசாகிவிடும் என்று அர்த்தம். மாற்றத்துக்கு ஈடுகொடுக்கக் காசுள்ளவள் சீமாட்டி. முடியாதவள் பழசை உடுத்தியவள். அந்தஸ்தைக் காலத்தால் அளந்தார்கள்.

அதே பாரீசில் 1827க்கும் 1835க்கும் இடையில் 'பிரெஞ்சு இந்தியா' என்ற கல்லச்சுப் படத்தொகுப்பு வெளியானது. ஷாப்ரெலி தந்த படங்களுக்கு விளக்கம் எழுதியவர்களில் ஒருவர் சமஸ்கிருத அறிஞர் யூஜீன் பர்னூஃப். புதுச்சேரி முதலான பிரெஞ்சுப் பகுதிகளும் சோழமண்டலக் கரையும் மலபாரும் அதன் களம். இங்கே மனிதர்களுக்கு அடையாளம் சாதியும் தொழிலும்தான். தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்ற ஜோடிப் படங்களும் இதே ரகம்: தொழிற்கருவியோடு ஆண், பக்கத்தில் பெண்டாட்டி. பாரீஸ்காரிக்கு வரலாறு இருந்தது. நம் பெண்ணுக்கு 'வழக்கம்' மட்டுமே மிச்சம். அவள் சேலை அவளுடைய தோலைப் போல இயற்கையாகிவிட்டது.

அது இயற்கை இல்லை என்பதற்குத் திருவிதாங்கூரே சாட்சி. கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றது 1814ஆம் ஆண்டு உத்தரவு. மேல்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக்கூடாது என்றது 1829 பிரகடனம். அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்து முடிந்தபின் 1859 ஜூலை 26 பிரகடனம் எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது! 'வழக்கம்' என்பதற்குள் எத்தனை தடி இருந்திருக்கிறது பாருங்கள்.

எங்கள் அந்தியூர்ப் பக்கம் பின்கொசுவம் வைத்து, ரவிக்கையில்லாமல் இருந்த ஆத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். பண்ணையக்கார வீட்டிலும் அப்படித்தான், களையெடுக்க வந்த கிழவியும் அப்படித்தான். புருஷன் செத்த கவுண்டர் வீட்டுப் பெண்ணுக்கோ வெள்ளைச்சேலை, ரவிக்கை கிடையாது. பார்வைக்கு எல்லாம் ஒரே வெறுந்தோள்கள். ஒருத்திக்குப் பழக்கம், ஒருத்திக்கு இல்லாமை, ஒருத்திக்குத் தண்டனை. இந்த வித்தியாசத்தை எந்த ஓவியனும் தீட்டிவிட முடியாது.

இந்தப் பழைய படங்களைப் 'பாரம்பரிய உடை' என்று எடுத்துப் போடுகிறவர்கள் அந்தச் சாதித் தலைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். படத்துப் பெண் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று பார்க்கிற நாம், என்ன உடுத்தியிருந்தால் அவளுக்கு அடி விழுந்திருக்கும் என்றும் கேட்டாக வேண்டும்.