சுதந்திரப் பதக்கம் யாருக்குக் கிடைச்சது? 1946 கடற்படை எழுச்சியும் ஒரு தேதிக் கணக்கும்

இன்னைக்கு எபிசோடு கடற்படைக்காரங்களோட பதக்கங்களைப் பத்தி. கோயமுத்தூர்ல உட்கார்ந்துட்டு கடலைப் பத்திப் பேசறானேன்னு நினைப்பீங்க. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் நமக்கு அலையே கண்ணுல படும். ஆனா ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் போயிருந்தீங்கன்னா ஐ.என்.எஸ். அக்ரணின்னு ஒரு பேரைப் பார்த்திருப்பீங்க. கப்பல் எதுவும் இல்லாத கடற்படைத் தளம். தரையில இருக்கற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பேர் வைக்கறது கடற்படையோட வழக்கம். இங்கே நடக்கறது தலைமைப் பண்புப் பயிற்சி. குறிப்பா பெட்டி ஆஃபீசர்களுக்கு. அதாவது சாதா மாலுமிக்கும் அதிகாரிக்கும் நடுவுல நிக்கறவங்களுக்கு. இந்த பெட்டி ஆஃபீசர்ங்கற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

அக்ரணிக்கு முன்னாடியே நம்ம ஊருக்குக் கடற்படை வந்தாச்சு. இரண்டாம் உலகப் போர் நடந்தப்போ பிரிட்டிஷ் கடற்படை இங்கே விமானம் பழுதுபார்க்கும் தளம் ஒண்ணு நடத்துச்சு. அதோட பேரு எச்.எம்.எஸ். கருடா. சூலூர் விமானத் தளத்தை 1945ல எச்.எம்.எஸ். வைரின்னு ஆக்கினாங்க. கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பேர் வைக்கறது அவங்க பழக்கம். வைரின்னா தமிழ்ல வல்லூறு மாதிரி ஒரு வேட்டைப் பறவை. யாரோ உள்ளூர் ஆளைக் கேட்டுத்தான் வெச்சிருக்கணும்னு நான் நினைச்சுக்கறேன். ரெண்டையும் 1946ல மூடிட்டாங்க. கருடாங்கற பேரு 1953ல கொச்சியில நம்ம கடற்படையோட முதல் விமானத் தளத்துக்குப் போயிடுச்சு. 1961ல ஐ.என்.எஸ். ஹம்சா சூலூர்லதான் தொடங்குச்சு. கோவா விடுதலைக்கு அப்புறம் அங்கே தபோலிமுக்குப் போச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கருடாவுல ஒருத்தர் நாலு வருஷம் இன்ஜின் பிரிச்சு மாட்டினாருன்னு வைங்க. அவருக்கு என்ன பதக்கம் கிடைக்கும்?

பதக்கத்துல ரெண்டு வகை. ஒண்ணு வீரத்துக்கு: பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா மாதிரி. இன்னொண்ணு சேவைக்கு. சேவைப் பதக்கம் நீங்க எவ்வளவு நல்லா வேலை செஞ்சீங்கன்னு கேக்காது. எந்தத் தேதியில எங்கே இருந்தீங்கன்னு மட்டும்தான் கேக்கும். என் வேலை பாஷையில சொன்னா அது வெறும் இஃப் கண்டிஷன். உதாரணத்துக்கு பர்மா ஸ்டார். பர்மா, வங்காள விரிகுடான்னு வரைபடத்துல ஒரு எல்லை போட்டிருந்தாங்க. கோயமுத்தூர் அதுக்கு வெளியே. அந்த மெக்கானிக் கைபட்ட விமானம் எல்லைக்குள்ள பறந்திருக்கலாம், அது கணக்குல வராது. அவருக்குக் கிடைக்கறது வார் மெடல், 28 நாள் முழுநேரப் படைச் சேவைக்கு எல்லாருக்கும் கொடுத்தது. இந்தியப் படைக்காரரா இருந்து போர்க்களம் போகாம மூணு வருஷம் முடிச்சிருந்தா இந்தியா சர்வீஸ் மெடல். அதை ஏறக்குறைய 2,20,000 பேருக்குக் கொடுத்தாங்க. யூனிஃபார்ம் போடாம ஸ்பேனர் பிடிச்ச உள்ளூர் ஃபிட்டருக்கு இதுல எதுவும் கிடையாது.

இதெல்லாம் சின்ன வருத்தம்தான். இந்தத் தேதி விதி பெரிய அநியாயமா மாறினது இன்னொரு பதக்கத்துல.

இந்திய சுதந்திரப் பதக்கம்னு ஒண்ணு இருக்கு. 1948ல ஏற்படுத்தினது. காவி, வெள்ளை, பச்சை ரிப்பன். ஒரு பக்கம் அசோகரோட சிங்கங்கள், 15 ஆகஸ்ட் 1947ங்கற தேதி. திருப்பினீங்கன்னா அசோகச் சக்கரம். அந்தச் சக்கரத்துக்கு மேல கிரீடம்! சுத்தி ஆறாம் ஜார்ஜ் மன்னரோட பட்டம். நாம அப்போ குடியரசு ஆகலை, டொமினியனா இருந்தோம், அதனால பதக்கத்துக்கு மன்னர் கையெழுத்து வேணும். இதுக்கு அடிப்படைத் தகுதி என்னன்னா 15 ஆகஸ்ட் 1947 அன்னைக்கு நீங்க படையில இருந்திருக்கணும்.

சரி, அன்னைக்குப் படையில இல்லாதவங்க யாரு?

1939ல ராயல் இந்தியன் நேவி சின்னப் படை, ரெண்டாயிரம் பேர் அளவுதான். போர் முடியறப்போ முப்பதாயிரம் பக்கம். நல்ல வேலை, நல்ல எதிர்காலம்னு சொல்லித்தான் படிச்ச பசங்களைச் சேர்த்தாங்க. உள்ளே போனா சாப்பாடு மோசம், சம்பளத்துல வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம், மரியாதை சுத்தமா இல்லை. பம்பாய்ல எச்.எம்.ஐ.எஸ். தல்வார்ங்கற சிக்னல் பள்ளியில கமாண்டர் கிங்னு ஒரு அதிகாரி மாலுமிகளை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அங்கே பி.சி. தத்ங்கற தந்தி இயக்குநர், சுவர்ல வெள்ளையனே வெளியேறு மாதிரி கோஷங்கள் எழுதினதுக்காக பிப்ரவரி முதல் வாரம் மாட்டிக்கிட்டார். 18 பிப்ரவரி 1946 அன்னைக்கு தல்வார் மாலுமிகள் சாப்பாட்டைத் தொடலை. வேலைக்கும் போகலை. அங்கிருந்து கராச்சி, கல்கத்தா, மெட்ராஸ், விசாகப்பட்டினம்னு பரவுச்சு. 78 கப்பல், 20 தரைத் தளம், இருபதாயிரம் மாலுமிகள்னு வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லுது.

போராட்டக் குழுவுக்குத் தலைவர் எம்.எஸ். கான், லீடிங் சிக்னல்மேன். துணைத் தலைவர் மதன் சிங், பெட்டி ஆஃபீசர் டெலிகிராஃபிஸ்ட். ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் சீக்கியர். பிரிவினை பத்திப் பேச்சு சூடாயிருந்த நேரம் அது. கப்பல்ல காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்ட் மூணு கொடியும் சேர்ந்து பறந்துச்சு. கோரிக்கையில சாப்பாடும் சம்பளமும் மட்டுமில்லீங்க, ஐ.என்.ஏ. கைதிகளை விடுதலை பண்ணு, இந்தோனேசியாவுல இருந்து இந்தியப் படையைத் திருப்பிக் கூப்பிடுன்னும் இருந்துச்சு. பம்பாய் தெருவுல இவங்களுக்கு ஆதரவா இறங்கின ஜனங்கள்ல இருநூறு பேருக்கு மேல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. பட்டேல் சொல்லி, பழிவாங்கல் இருக்காதுங்கற உறுதியை நம்பி, 23ஆம் தேதி சரணடைஞ்சாங்க.

பழிவாங்கல் இருந்துச்சு. முகாம்ல அடைச்சாங்க, விசாரிச்சாங்க, 476 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்கன்னு பரவலா சொல்ற கணக்கு. சுதந்திரம் வந்துச்சு. இந்தியாவும் கூப்பிடலை, பாகிஸ்தானும் கூப்பிடலை. 1948ல சுதந்திரப் பதக்கம் யாருக்குன்னு பட்டியல் போட்டப்போ, சுதந்திரம் கேட்டதுக்காக வெளியே அனுப்பப்பட்டவங்க அதுல இல்லை. அன்னைக்கு யூனிஃபார்ம்ல இருந்தவங்களுக்கு முழு உரிமை. அந்த இஃப் கண்டிஷன் சரியாத்தான் ஓடுச்சு. அதுதான் பிரச்சினையே.

ஒழுங்கை மீறினவனுக்குப் பதக்கம் கொடுத்தா படை எப்படி நிக்கும்னு ஓய்வுபெற்ற அதிகாரிகள் கேப்பாங்க. நியாயமான கேள்வி. புதுசா பிறந்த நாட்டோட தலைவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனா தேதியை மாத்தவே முடியாதுங்கறதை நான் ஏத்துக்க மாட்டேன். பரம்வீர் சக்ராவை 26 ஜனவரி 1950ல அறிவிச்சப்போ, 15 ஆகஸ்ட் 1947ல இருந்தே செல்லும்னு பின்தேதி போட்டாங்க. காஷ்மீர் போர் வீரர்களுக்காக ரெண்டரை வருஷம் பின்னாடி போக முடிஞ்சது. இன்னும் பதினெட்டு மாசம் போக மனசு வரலை.

அங்கீகாரம் வந்துச்சு, மெதுவா. 1972ல மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்துச்சு, 1980ல அதை விரிவாக்கினாங்க. அதுல ஏத்துக்கிட்ட போராட்டங்கள் பட்டியல்ல 1946 கடற்படை எழுச்சியும் இருக்கு. ஆனா அதைக் கொடுக்கறது உள்துறை அமைச்சகம். தியாகின்னு ஏத்துக்கிட்டாங்க, எங்க மாலுமின்னு கடற்படை சொல்ல இன்னும் நாள் ஆச்சு. அப்புறம் ரெண்டு இழுவைப் படகுகளுக்கு பி.சி. தத், மதன் சிங்னு பேர் வெச்சாங்க. கொலாபாவுல ஒரு நினைவுச் சின்னம் வந்துச்சு. 2022 குடியரசு தின அணிவகுப்புல கடற்படையோட ஊர்தியே 1946 எழுச்சியைக் காட்டுச்சு. எனக்கு அந்த இழுவைப் படகுதான் பிடிச்சிருக்கு. பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள்ள தள்ளிக் கொண்டுவர்ற வேலை.

கேக்கறவங்க வீட்டுல தாத்தாவோட பதக்கம் பரண் மேல, டிரங்குப் பெட்டியில கிடந்தா ஒரு வேலை செய்யுங்க. எடைக்குப் போட்டுடாதீங்க, அந்த வார் மெடலும் இந்தியா சர்வீஸ் மெடலும் செம்பு நிக்கல் கலவைதான், உருக்கினா ஒண்ணும் தேறாது. வட்டப் பதக்கத்தோட விளிம்பைத் துணியால மட்டும் துடைச்சு, லென்ஸ் வெச்சுப் பாருங்க. நட்சத்திர வடிவமா இருந்தா பின்பக்கம். பிரிட்டன்ல அந்தப் போருக்கான பதக்கங்களைப் பேர் பொறிக்காமயே கொடுத்தாங்க. இந்தியர்களுக்குக் கொடுத்ததுல பேர் பொறிச்சாங்க. அந்த எண்ணும் பேரும் இருந்தாத்தான் பழைய ஆவணங்கள்ல ஆளைத் தேட முடியும்.

வார் மெடல் இருந்து, கூடவே மூவர்ண ரிப்பன் பதக்கமும் இருந்தா, 15 ஆகஸ்ட் 1947 அன்னைக்கு அவர் படையில இருந்திருக்கார். மூவர்ணம் இல்லைன்னா பெரும்பாலும் போர் முடிஞ்சதும் ஆட்குறைப்புல வீடு திரும்பினவரா இருப்பார். ஆனா அவர் கடற்படைக்காரர், அதுவும் 1946ல வெளியே வந்தவர்னா, டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் இருக்கான்னு தேடிப் பாருங்க. அதுல தேதி இருக்கும், காரணமும் ஒரு வரியில இருக்கும்.