முதல் பந்தை வீசியவர்

திருவரங்கம் கோயிலின் திருச்சுற்றுகளில் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் எங்கள் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நிலம் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. நந்தா விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. ஆண்ட மன்னரின் மெய்க்கீர்த்தியோ பல வரிகளுக்கு நீள்கிறது. ஆனால் வாசல்வரை வந்து, வாய்ப்புக் கிட்டாமல் திரும்பியவர் எங்கே? கல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சென்ற மார்கழியில் இதே கேள்வி சற்றும் எதிர்பாராத இடத்தில் எங்களை மீண்டும் வந்து பிடித்துக்கொண்டது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னர் தந்திவர்மரின் கல்வெட்டைக் காண்பதற்காக, திருவரங்கத்தில் மலைக்கோட்டை விரைவு வண்டி ஏறிச் சென்னை சென்றிருந்தோம். வந்த வேலை முற்பகலிலேயே முடிந்துவிட்டது. இரவு வண்டிக்கு நேரம் நிறைய இருந்ததால் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். சேப்பாக்கம் மைதானத்தின் மதிலருகே வந்தபோது, குழுவின் மூத்த நண்பர் நின்றுவிட்டார். "கல்வெட்டு தேடி அலைகிறோமே, இதற்குள்ளும் ஒரு வரலாறு தொடங்கியிருக்கிறது, தெரியுமா?" என்றார். அன்று மாலை அவர் சொன்னதையும், ஊர் திரும்பியபின் நாங்கள் தேடிப் படித்ததையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள். இந்தியாவின் மாகாண அணிகள் தமக்குள் மோதிக்கொள்ளும் புதிய போட்டித் தொடரின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் நினைவாகப் பட்டியாலா மன்னர் பொற்கோப்பை வழங்க முன்வந்தார். இன்று நாமெல்லாம் ரஞ்சிக் கோப்பை என்று அழைக்கும் தொடரின் முதற்பருவம் அதுதான். சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ்.

பல நாள் ஆட்டமாகத் திட்டமிடப்பட்டது ஒரே நாளில் முடிந்துபோனது! மைசூர் முதலில் 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை எடுத்தது 130. இரண்டாம் முறை மைசூர் எடுத்ததோ 59. ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்கள் வேறுபாட்டில் சென்னைக்கு வெற்றி. அன்றைய நாயகர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம்சிங். முதல் இன்னிங்சில் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள், இரண்டாவதில் 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் என ஒரே பகலில் பதினொரு பேரை வெளியேற்றினார். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் ஆடும் பேறு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவருடைய புதல்வர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்திய அணியில் இடம்பெற்றார்கள். அந்த முதற்பருவத்தின் கோப்பையைப் பம்பாய் அணி வென்றது.

ராம்சிங்கின் கதை ஒருபுறம் இருக்கட்டும். எங்களை அதிகம் ஈர்த்தது முதல் பந்தை வீசியவரின் கதை.

யார் இந்தக் கோபாலன்? அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி கிரிக்கெட் சங்கத்துக்காக ஆடியவர். நல்ல உயரமும் வேகமும் கொண்ட அந்த இளைஞரின் திறமையை இனங்கண்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். கோபாலனுக்குப் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைக்க வழிசெய்தவரும் அவரே. இந்த வேலை ஏன் முக்கியம்? அக்காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. வயிற்றுக்கு அலுவலகம், மனத்துக்கு மைதானம் என்பதே பெரும்பாலானோரின் வாழ்க்கை. இதைத்தான் 'அமெச்சூர்' ஆட்டம் என்றார்கள். பொருள் கருதாது விருப்பத்தின்பொருட்டு ஆடுவது என்று நாம் விளக்கலாம்.

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1886 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய சில சங்கத்தினர் கனடாவின் அமெச்சூர் ஹாக்கிச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்கள் ஆடியது உறைந்த பனித்தரையில், காலில் சறுக்குக் கத்தி பூட்டிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கி. அச்சங்கத்தின் 1893ஆம் ஆண்டுப் பருவத்தில் எட்டு ஆட்டங்களில் ஏழை வென்ற மாண்ட்ரியல் சங்கத்துக்கு, கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு அளித்த கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்டது. பத்துக் கினி விலையில் வாங்கிய சிறு வெள்ளிக் கிண்ணம் அது. அங்கே பிரபு கொடுத்த கிண்ணம், இங்கே மன்னர் கொடுத்த பொற்கோப்பை. கொடுத்தவர்களின் பெயர்கள் இரண்டிலும் நிலைத்துவிட்டன. ஆடியவர்களோ மறுநாள் காலை வேலைக்குத் திரும்பினார்கள். திருவரங்கத்துக் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

திருச்சிராப்பள்ளிக்காரர்களான எங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. அதனுடன் குடியிருப்பும் மைதானமும் வந்தன. ஆட்டத்தில் வல்லவர்க்கு வேலை, வேலையில் இருப்பவர்க்கு மாலையில் ஆட்டம் என்ற வழக்கம் ரயில்வே ஊர்களில் வேரூன்றிய ஒன்று. "பந்தாடியே வேலை வாங்கியவர்" என்று யாரேனும் ஒருவரைச் சுட்டிக்காட்டாத தெரு பொன்மலையில் அரிது.

இனி, கதையின் மையத்துக்கு வருவோம். கோபாலனின் கைகளுக்குக் கிரிக்கெட் பந்தைப்போலவே ஹாக்கி மட்டையும் பழக்கம். சென்னையில் ஹாக்கிக்கு அப்போதே நல்ல செல்வாக்கு உண்டு. சென்னை கிரிக்கெட் சங்கமே 1901 முதல் ஹாக்கிப் போட்டி நடத்திவந்தது. இரண்டு ஆட்டங்களிலும் கோபாலன் நாட்டின் உச்சத்தைத் தொட்டார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கி ஒரு விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் நாம் மேலே கண்ட முதல் பந்து. அடுத்த ஆண்டு, 1935இல், தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் ஓர் உறுப்பினர். அந்தப் பயணத்தில் இந்திய அணி ஆடிய 48 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 584, வாங்கியவை 40 மட்டுமே. தியான்சந்த் மட்டும் 201 கோல்கள்!

அடுத்து வந்தது 1936. அவ்வாண்டின் கோடையில் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்கள். அதே கோடையில் இங்கிலாந்தில் இந்திய கிரிக்கெட் அணியின் பயணம். இரண்டிலும் இடம்பெறத் தக்கவர் கோபாலன். ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் இருக்க முடியாதே? ஹாக்கியா, கிரிக்கெட்டா என்று முடிவு செய்தாக வேண்டும்.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவையே. விஜயநகரம் மகாராஜகுமாரின் தலைமையில் சென்ற கிரிக்கெட் அணியைப் பூசல்கள் அலைக்கழித்தன. லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் இரண்டில் தோல்வி, ஒன்று முடிவின்றிப் போனது. புதுப்பந்து வீச முகமது நிசாரும் அமர்சிங்கும் இருந்தார்கள். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலன் களமிறக்கப்படவில்லை. ஓவல் மைதானத்தில் நடந்த மூன்றாவது டெஸ்டில் பாக்கா ஜிலானி என்ற மற்றொரு பந்து வீச்சாளருக்கு வாய்ப்புக் கிடைத்தது. காலை உணவு மேசையில் சி.கே. நாயுடுவை அவமதித்துப் பேசியதற்கான பரிசு அது என்றொரு கதை இன்றளவும் வழங்கிவருகிறது.

அந்த ஓவல் டெஸ்ட் தொடங்கிய நாள் எது தெரியுமா? 1936 ஆகஸ்ட் 15. மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டமும் அதே ஆகஸ்ட் 15ஆம் நாளன்றுதான் பெர்லினில் நடந்தது. ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வீழ்த்தித் தியான்சந்தின் அணி தங்கம் வென்றது. நியூசிலாந்தில் தம்மோடு ஆடிய தோழர்கள் பெர்லினில் தங்கப் பதக்கம் பெற்ற அந்த நாளில், கோபாலன் இலண்டனில் பதினொருவருக்கு வெளியே இருந்தார். இரு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எங்களுள் யாருக்கும் சற்றுநேரம் பேச்சே எழவில்லை.

திரும்பிவரும் வண்டியில் இதைப்பற்றி நீண்ட விவாதம் நடந்தது. "தவறான முடிவு. கைக்கு எட்டிய தங்கத்தை விட்டுவிட்டார்" என்றார் ஒருவர். மறுத்துப் பேசிய மூத்த நண்பரின் வாதம் எங்களுக்கு ஏற்புடையதாகப் பட்டது. நமக்கு 1936இன் முடிவு தெரியும். கோபாலனுக்குத் தெரியாது. ஹாக்கி அணி பெர்லின் சென்றதும் ஜெர்மனியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 1-4 என்று தோற்றிருக்கிறது. அப்போது தியான்சந்துக்கே தங்கம் உறுதியாகத் தெரிந்திராது. மறுபுறம், கிரிக்கெட்டில் இந்தியா டெஸ்ட் நாடாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் முதல் பந்து வீசித் தொடங்கிவைத்த தொடரும் இரண்டே பருவங்களைக் கண்டிருந்தது. வளர்ந்துவரும் ஒன்றின் பக்கம் நிற்க ஓர் இளைஞர் விரும்பியதில் பிழை என்ன? வரலாறு படிப்போர் அடிக்கடி செய்யும் தவறு இது. விளைவை அறிந்துகொண்டு, அதை அறியாதவரின் முடிவை எடைபோடுகிறோம். கலிங்கத்துக்குப் படை அனுப்பியவர்களையும் கடாரத்துக்குக் கலம் செலுத்தியவர்களையும்கூட நாம் இப்படித்தான் பேசிவிடுகிறோம்.

கோபாலன் ஓய்ந்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சென்னைக்காகத் தொடர்ந்து ஆடினார். பின்னாளில் இந்திய அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் பணியாற்றினார். வாய்ப்புக்காகக் காத்திருப்பது என்ன என்பதை அவரளவு அறிந்த தேர்வாளர் எத்தனை பேர் இருந்திருப்பர்? 1952-53 பருவத்திலிருந்து சென்னையும் இலங்கையும் மோதிய ஆட்டத்துக்கு வழங்கப்பட்ட கோப்பை கோபாலனின் பெயரையே தாங்கியது. கோப்பைக்குப் பெயராவது மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த காலம் போய், மொறப்பாக்கத்தில் பிறந்த எண்ணெய் நிறுவன ஊழியருக்கும் அது வாய்த்தது. 2003 டிசம்பர் 21இல், தம் 94ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களுள் உலகிலேயே மூத்தவராக அப்போது அவர் கருதப்பட்டார்.

ஓவல் டெஸ்டின் ஆட்டக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். கோபாலனின் பெயர் இராது. பெர்லின் இறுதி ஆட்டத்தின் குறிப்பிலும் இராது. ஆகஸ்ட் 15, 1936 அன்று அவர் எங்குமே இல்லை. ஆயினும் அந்த இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, இரண்டிலும் இல்லாத அவரே முதலில் தெரிகிறார்.

அடுத்தமுறை கோயிலில் கல்வெட்டுப் படிக்கும்போது, பொறிக்கப்பட்ட வரிகளோடு அவற்றுக்கு இடையில் விடப்பட்ட இடத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டோம். விடியற்காலையில் வண்டி கொள்ளிடப் பாலத்தைக் கடந்தது. இருளில் அரங்கனின் இராஜகோபுரம் மெல்லத் தெரியத் தொடங்கியது.